வாய்க்கால் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தைச் சுற்றியுள்ள மாவட்ட அலுவலகங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போகிறவன் நான். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. புதுக் கம்ப்யூட்டர் வாசலில் வந்து இறங்கிய பிறகும் பழையதை விடமாட்டேன் என்று நிற்கிற ஆட்களை என்னளவுக்குப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் பன்னிரண்டு புதுக் கம்ப்யூட்டர்களை அட்டைப்பெட்டி பிரிக்காமல் அறையில் பூட்டி வைத்திருந்தார். வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒன்று உடைந்தாலும் அவர் தலையில்தான் விடியும். கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், இறந்துபோன கணவர் சீட்டு விளையாட்டில் எடுத்த புள்ளிகள் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருக்கின்றன என்று என்னைத் தொடவே விடவில்லை. இப்படிப்பட்டவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் காரணம் தானாக வெளியே வந்துவிடும். அதற்கு ஏதாவது ஒரு வழியும் செய்துவிடலாம்.

ஜிபார் எஜேயின் காரணம் மட்டும் எனக்கு மூன்று வருஷம் பிடிபடவில்லை.

என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதனால் எஜே, அதாவது அக்கா. மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு வாய்க்காலின் தண்ணீரை இரண்டு ஊருக்குப் பிரித்துக் கொடுக்கிற அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக அவர்தான் எல்லாம். ஊர்ப்பெயரைச் சொல்லி இன்னொரு தடவை வம்பை இழுக்க எனக்கு விருப்பமில்லை. மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்வோம். மேலூரில் ஆப்ரிகாட் தோட்டங்கள், கோதுமை. கீழூரில் நெல். எஜே இரண்டு ஊரையும் சேர்ந்தவர் இல்லை. அலாய் மலைப்பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததே அதற்காகத்தான்.

2002 கோடையில் முறைத்தண்ணீர் சண்டையில் மண்வெட்டியால் இரண்டு பேர் மண்டை உடைந்தது. அடுத்த வருஷம் எவால்டு என்ற பொறியாளர், எங்கள் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர், ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, அதற்கு அவரே ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்தார். எந்த ஊரில் எந்தப் பயிர் எத்தனை ஹெக்டேர், தலைமதகில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பத்து நாளைக்கு ஒரு தடவை எஜே அதில் போடுவார். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே ஒரு சீட்டை வெளியே தள்ளும். மேலூருக்கு இத்தனை மணி நேரம், கீழூருக்கு இத்தனை மணி நேரம். ஊருக்கு ஒருவராக வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிற நீர்ப்பாய்ச்சிகள் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். நெல்லுக்கு ஒரு கணக்கு, கோதுமைக்கு ஒரு கணக்கு என்று புரோகிராமுக்குள் ஏகப்பட்டது இருந்ததால் யாரும் சரிபார்த்ததில்லை. சரிபார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. "அதுக்கு மேலூர்ல மாமனும் இல்ல, கீழூர்ல மச்சானும் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்கள். 2010இல் கிர்கிஸ்காரர்களும் உஸ்பெக்காரர்களும் மோதி நகரத்தில் வீடுகள் எரிந்த அந்த ஜூன் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரனையே நம்பாத ஜனங்கள் அந்தச் சீட்டை மட்டும் நம்பினார்கள்.

2021 வசந்தத்தில் மேலிடத்திலிருந்து ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

"இங்க கரண்ட் ஏறி இறங்கும், துருஸ்பெக். பழசு தாங்கிக்கும். புதுசு பொசுக்குனு போயிடும்" என்றார் எஜே.

அடுத்த தடவை மின்சாரத்தைச் சீராக்குகிற பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"பிரிண்டர் இதோட சேராதே. அந்தச் சீட்டு அதே மாதிரி இருக்கணும். இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க."

அதற்கும் ஒரு இணைப்புக் கம்பியைத் தேடிப் பிடித்தேன். நான் போனபோது ஆகஸ்ட்.

"முறை ஓடிக்கிட்டிருக்கு. இப்போ கை வைக்கிறவன் மனுஷனா? குளிர்காலத்துல வா."

ஜனவரியில் போனேன். வாய்க்காலில் பனி உறைந்து கிடந்தது. வேலையே இல்லாத மாதம். எஜே அடுப்பில் நிலக்கரியைத் தள்ளிக்கொண்டே, "பாரு, எவ்வளவு புகை. புதுசைப் பிரிச்சா ஒரே நாள்ல கரி அப்பிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எஜே, உண்மையைச் சொல்லுங்க. அதுக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க? தங்கமா?"

வழக்கமாக என் கேலிக்கு இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பவர் அவர். அன்றைக்குக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தேநீர் ஆறுது, குடி" என்றார். அதற்குப் பிறகு நான் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் போனால் தேநீர் குடித்துவிட்டு, பழைய பெட்டியின் விசிறியில் படிந்த தூசியை ஊதிவிட்டு வந்துவிடுவேன். மேலிடத்துக்கு "விரைவில்" என்று எழுதி அனுப்பினேன். மூன்று வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

2024 ஜூன் பத்தாம் தேதி காலையில் போன் வந்தது.

"துருஸ், பெட்டி எந்திரிக்கல."

"பட்டனை அமுக்கிப் பார்த்தீங்களா?"

"நான் என்ன குழந்தையா? நாளைக்கு முறைச்சீட்டு. ரெண்டு பேரும் வந்து உக்காந்திருக்காங்க. வா சீக்கிரம்."

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நீர்ப்பாய்ச்சிகளும் செத்துப்போன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேலூருக்கு டோப்சுபாய் பைக்கே, எங்கள் கிர்கிஸில் பைக்கே என்றால் அண்ணன், வெள்ளைக் கம்பளித் தொப்பி, பேச ஆரம்பித்தால் அறை முழுக்க நிறைந்துவிடுகிற குரல். கீழூருக்கு உஸ்பெக்காரர் ஹம்தாம் ஆகா, ஆகா என்றாலும் அண்ணன்தான், ஒல்லி, எந்தக் கேள்விக்கும் ஒரு மடக்கு தேநீர் குடித்த பிறகே பதில் சொல்பவர்.

"டாக்டர் வந்துட்டான்" என்றார் டோப்சுபாய் பைக்கே. "பொழைக்குமா?"

மூடியைக் கழற்றினேன். போர்டில் இருந்த கெபாசிட்டர்கள் நாலைந்து வீங்கி மேல்பக்கம் வெடித்திருந்தன. "இது அவ்வளவுதான். ஆனா உள்ள இருக்கிறது பத்திரமா இருக்கும். டிஸ்கைக் கழட்டிப் புதுசுல மாட்டி, பழைய புரோகிராமை அப்படியே ஓட வெச்சுடலாம்."

"அப்போ இத்தனை வருஷமா முடியாது முடியாதுன்னு சொன்னது எதுக்கு?" என்று பைக்கே எஜேயைப் பார்த்தார். எஜே கதவைத் திறந்து பிடித்தார். "நீங்க ரெண்டு பேரும் வெளியில மல்பெரி நிழல்ல உக்காருங்க. அவன் வேலை செய்யட்டும்."

அவர்கள் போன பிறகும் எஜே கதவருகிலேயே நின்றிருந்தார்.

டிஸ்க் படித்தது. அடுத்த அரைமணி நேரத்தில் புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் அதே நீலத் திரையோடு வந்து நின்றது. எவால்டு எழுதிய மூலக் குறிப்புகளும் ஒரு ஓரத்தில் கிடந்தன. ஏதாவது இடக்குப் பண்ணினால் உதவுமே என்று திறந்தேன். சுத்தமான கை அவருக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ரஷ்ய மொழியில் விளக்கம். பாதிக்கு மேல் போனபோது ஒரு வரி வந்தது. கீழூர்ப் பங்கை ஒன்று புள்ளி பூஜ்ஜியம் எட்டால் பெருக்கு. பக்கத்தில் விளக்கம்: "கசிவு. யாரிடமும் சொல்ல வேண்டாம்."

நான் திரும்பினேன். எஜே என் முகத்தைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார்.

"படிச்சிட்டியா?"

"நூத்துக்கு எட்டு கூட. கீழூருக்கு."

"எவால்டு போட்டப்போ அது நியாயம்தான். நடுவுல நாலு கிலோமீட்டர் வெறும் கூழாங்கல் படுகை. கீழூர் போறதுக்குள்ள அவ்வளவு தண்ணியைக் கல்லு குடிச்சிடும். இதை வெளியில சொன்னா மேலூர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு எவால்டு அவரே உள்ள போட்டுட்டார். ஜெர்மனிக்குப் போறப்போ என்கிட்ட மட்டும் சொன்னார்."

"இதுல என்ன எஜே தப்பு? நல்லதுதானே பண்ணியிருக்கார்?"

"2014ல அந்த நாலு கிலோமீட்டருக்கும் சிமெண்ட் போட்டாங்க, துருஸ்."

சிமெண்ட் போட்டாயிற்று என்றால் கசிவு இல்லை. கசிவு இல்லை என்றால் கீழூருக்குப் போகிற அந்த எட்டு, மேலூரின் தண்ணீர்.

"எவால்டுக்குக் கடிதம் போட்டேன்" என்றார் எஜே. "ஒரு வரியை மாத்தினாப் போதும்னு எப்படிச் செய்யணும்னு எழுதி அனுப்பினார். டிராயர்ல இருக்கு, வேணும்னா பாரு. ஆனா அந்த ஜூன் கலவரம் முடிஞ்சு அப்போ நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. திடீர்னு கீழூர்ச் சீட்டு குறைஞ்சா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, பதினோரு வருஷமா எங்களுக்குத் தெரியாம நடந்திருக்கான்னு மேலூர்ல கேப்பாங்க. சரி, அடுத்த வருஷம் பண்ணலாம்னு வெச்சேன். அடுத்த வருஷம் மழை நல்லா பெஞ்சது, யாருக்கும் குறை இல்ல, எதுக்குக் கிளறணும்னு விட்டேன். அப்புறம் வருஷம் ஆக ஆக, சொல்ல வேண்டியதும் ஏறிக்கிட்டே போச்சு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பத்து நாள் முறையில் சராசரியாக நாலரை மணி நேரம் மேலூருக்குக் குறைந்திருக்கிறது.

"டோப்சுபாய் பைக்கே தோட்டம் மேலூர்ல எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் எஜே.

எனக்குத் தெரியாது.

"கடைமடை. நீர்ப்பாய்ச்சியே முதல்ல பாய்ச்சிக்கிட்டா ஊர் என்ன சொல்லும்னு அந்த மனுஷன் எப்பவும் தன் முறையைக் கடைசியில வெச்சுப்பார். சீட்டுல எந்த நேரம் குறைஞ்சாலும் அது அவரோட நேரம். 2021 வறட்சியில நாப்பது ஆப்ரிகாட் மரத்தை வெட்டினார். நான் ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டுத் துக்கம் கேக்கப் போனேன். அவர் பொண்டாட்டி என் தோள்ல சாஞ்சு அழுதா." எஜே கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அந்த வருஷம்தான் நீ புதுசைத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன. பெட்டியைத் திறந்தா இதைப் பார்ப்பன்னு எனக்குத் தெரியும்."

வெளியே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"எஜே, ரெண்டு விதமாவும் பண்ணிக் கொடுப்பேன். இப்படியே விட்டா யாருக்கும் தெரியாது. இல்ல, அந்த எட்டைச் சத்தமில்லாம எடுத்துடலாம். புதுக் கம்ப்யூட்டர், புதுக் கணக்குன்னு சொல்லிக்கலாம். கொஞ்ச நாள் முணுமுணுப்பாங்க, அப்புறம் அடங்கிடுவாங்க." எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். தப்பும் நின்றுபோகும், தலையும் தப்பும்.

எஜே எழுந்து தலைத்துணியை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினார்.

"அவங்களைக் கூப்பிடு."

எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். எவால்டு எழுதிய வரியை, கல்படுகையை, சிமெண்ட்டை, கடிதத்தை. சொல்லும்போது டோப்சுபாய் பைக்கேயைப் பார்த்தே சொன்னார். கடிதத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பைக்கே மேஜையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். எழுந்தார். திரும்ப உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"முறைக்கு நாலரை மணி நேரம், பைக்கே."

"எத்தனை வருஷம்?"

"ஒன்பது முழு வருஷம். இந்த வருஷம் இப்பத்தான் ஆரம்பம்."

வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை என்று விரல் விட்டு எண்ணினார். "இருபது நாள்" என்றார். "ராப்பகலா இருபது நாள் தண்ணி." எஜேயின் பக்கம் திரும்பினார். "என் மரத்தை வெட்டினப்போ நீ வந்தியே."

"வந்தேன், பைக்கே."

"ரொட்டி கொண்டு வந்தியே."

எஜே தலையை ஆட்டினார்.

"எப்படி வந்த?" என்றார் பைக்கே. அது திட்டு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஹம்தாம் ஆகா தேநீர்க் கிண்ணத்தைத் தொடவேயில்லை. "டோப்சுபாய், எனக்குத் தெரியாது. சத்தியமா."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு கூடப் போடச் சொல்லியிருப்ப."

ஹம்தாம் ஆகா அதை வாங்கிக்கொண்டார். "நாத்து நட்டாச்சு" என்றார். "இந்தத் தண்ணி வரும்னு நம்பி நட்டிருக்காங்க. நாளைக்கே குறைச்சேன்னா ஊர்ல என்னை உயிரோட விட மாட்டாங்க."

"அப்போ இந்த வருஷமும் நானே காயணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?" ஆகா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "என் சொந்த வயல் முறை அஞ்சு மணி நேரம். அதை நீ எடுத்துக்கோ. இந்த வருஷம் முழுக்க. கூட்டத்தைக் கூட்டி ஊருக்கு நான் சொல்றேன். அதுக்கு எனக்கு ரெண்டு நாள் கொடு."

"உன் நெல்லு?"

"அது என் பாடு."

அன்றைய சீட்டு அந்த எட்டோடுதான் அச்சாயிற்று. ஹம்தாம் ஆகா அதன் பின்பக்கத்தில் தன் வயல் முறையை எழுதிக் கொடுத்தார். பைக்கே அதை நாலாக மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, எஜேயைத் தாண்டி, அங்கே ஆளே இல்லாத மாதிரி நடந்து போனார்.

மூன்றாம் நாள் கூட்டம். எண்களை விளக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். எஜே முன்னால் நின்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். யாரோ "திருடி" என்று கத்தினார்கள். போலீஸைக் கூப்பிடு என்றார் ஒருவர். கீழூர்ப் பக்கம் நெல் வைத்திருந்தவர்கள், பழைய கதைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று குதித்தார்கள். மண்வெட்டியோடு யாரும் வரவில்லை. நான் வாசலிலேயே நின்று அதைத்தான் முதலில் பார்த்தேன். நாலு மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு இந்த வருஷம் பாதி எடுப்பது, அடுத்த வருஷத்திலிருந்து முழுதும் எடுப்பது என்று முடிவாயிற்று. புரோகிராமில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் பெரிய தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும் என்றார்கள். ஒட்டினேன். எஜேக்கு மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அவரே ராஜினாமாவும் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் தேடியும் அந்த நாற்காலியில் உட்கார யாரும் வரவில்லை. கடைசியில் அந்த ராஜினாமாவைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

முன்பு சீட்டு வாங்கிப் போக ஐந்து நிமிஷம் ஆகும். இப்போது இரண்டு மணி நேரம். சுவரில் எண்கள் இருப்பதால் ஆளாளுக்குச் செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நெல்லுக்கு ஏன் இவ்வளவு, ஆப்ரிகாட்டுக்கு ஏன் இவ்வளவு, எவால்டு யார் இதைச் சொல்ல என்று ஒவ்வொரு தடவையும் தகராறு. நடுவில் எஜே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்.

டோப்சுபாய் பைக்கே மட்டும் அவரிடம் நேராகப் பேசவேயில்லை. அதே அறையில் இருந்துகொண்டே, "ஹம்தாம், அந்த அம்மாகிட்டக் கேளு, மதகு உயரம் எவ்வளவுன்னு" என்பார். எஜே உரக்கச் சொல்வார். பைக்கே தன் காதில் விழாதது மாதிரி ஹம்தாம் ஆகா திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பார். கோடை முழுக்க அப்படியே போயிற்று. ஒருநாள் ஹம்தாம் ஆகா வெறுத்துப்போய், "என்னை என்ன ரேடியோன்னு நெனச்சியா?" என்று கேட்டாராம்.

அந்த வருஷம் ஹம்தாம் ஆகாவுக்கு நெல் பாதிதான் கண்டது. பைக்கே வீட்டிலிருந்து இரண்டு கூடை ஆப்ரிகாட் வற்றல் வந்ததாகவும், யார் கொடுத்தனுப்பியது என்று கொண்டு வந்தவர் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

அக்டோபரில், வருஷத்தின் கடைசி முறை முடிந்த அன்று, எஜே எனக்குப் போன் செய்தார். ஏதோ பழுது என்று நினைத்து எடுத்தேன். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் புரியவில்லை.

"துருஸ், இன்னிக்குச் சீட்டுல தேதியைத் தப்பாப் போட்டுட்டேன். டோப்சுபாய் பைக்கே என் முகத்தைப் பாத்து என்ன சொன்னார் தெரியுமா? 'ஜிபார், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?'ன்னு கேட்டார். 'ஜிபார்'னு சொன்னார்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டுப் போனார்."